செம்பு விளைந்த ஃபாலூன்



பாரிசும் இலண்டனும் பார்த்து வந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. படத்திலாவது அவற்றைப் பாராதவர் இல்லை. ஆகவே இம்மாதம் நாம் போகப்போவது பெயர் பெற்ற தலைநகரம் எதற்கும் அல்ல. ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் சுவீடன் நாட்டில் ஃபாலூன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே போவோம். பயணச் செலவு இல்லை, கடப்பிதழ் வேண்டாம். ஏட்டின் வழியாகத்தான் போகிறோம் என்பதால் குளிருக்குக் கம்பளிகூடத் தேவைப்படாது.

ஏன் ஃபாலூன் என்று கேட்பீர்கள். வெளியூர்க்காரர்கள் அந்த ஊருக்கு வருவது அரண்மனை பார்க்க அல்ல. அங்கே அரண்மனையே இல்லை. ஆயிரம் ஆண்டுகளாகக் கூலித் தொழிலாளர்கள் இறங்கி உழைத்த ஒரு குழியையும், அதன் பக்கத்தில் மலையாய்க் குவிந்து கிடக்கும் கழிவுக் கல்லையும், அவர்கள் குடியிருந்த சின்னஞ்சிறு மரவீடுகளையும் பார்க்கத்தான் வருகிறார்கள். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2001-ஆம் ஆண்டு இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாடுபட்டு உழைத்தவர்களின் இடம் இப்படிப் போற்றப்படுகிறது என்றால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நாம் அதைப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

ஊருக்குப் போகும் வழி

சுவீடன் நிலப்பரப்பில் மலேசியாவைவிடப் பெரிய நாடு. மக்கள் தொகையோ ஒரு கோடியைச் சற்றே தாண்டும். எங்கு பார்த்தாலும் காடும் ஏரியும்தான். தலைநகரான ஸ்டாக்ஹோமில் இரயில் ஏறி வடமேற்கே சென்றால் சற்றேறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஃபாலூன் வந்துவிடும். தலார்னா என்னும் மாநிலத்தில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே ஓர் ஏரி, தெற்கே ஓர் ஏரி, நடுவே ஓர் ஆறு. மக்கள் தொகை நாற்பதாயிரத்துக்குள்தான்.

இரயிலில் போகும்போதே ஒன்று உங்கள் கண்ணில் படும். வழிநெடுக வீடுகளெல்லாம் ஒரே சிவப்பு. பளபளக்கும் சிவப்பு அல்ல, நம் கோயில் சுவரில் அடிக்கும் காவியைப் போன்ற ஆழ்ந்த சிவப்பு. மூலைகளிலும் சன்னலோரங்களிலும் மட்டும் வெள்ளைச் சாயம். தானியக் களஞ்சியம், மாட்டுக் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் அப்படியே. இந்தச் சிவப்புக்கும் ஃபாலூனுக்கும் பெரிய தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆடு காட்டிய செல்வம்

முதலில் ஒரு கதை. முன்னொரு காலத்தில் அங்கே ஒருவன் ஆடு மேய்த்து வந்தானாம். அவனுடைய ஆடு ஒன்று ஒருநாள் கொம்பெல்லாம் சிவந்து வீடு திரும்பியதாம். இரத்தமோ என்று பயந்து பார்த்தால் அது செம்மண்! ஆடு போன வழியே போய்ப் பார்த்தபோது, செம்புத் தாது பூமியின் மேலேயே தெரிந்ததாம். அந்த ஆட்டுக்குக் 'கோரே' என்று பெயர்கூடச் சொல்கிறார்கள். கதை உண்மையோ பொய்யோ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே செம்பு வெட்டினார்கள் என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர்.

கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் 1288-ஆம் ஆண்டுக்கு ஆதாரம் இருக்கிறது. அந்த ஆண்டில் எழுதிய ஒரு பத்திரம் இன்றும் பத்திரமாக உள்ளது. வெஸ்டெரோஸ் என்ற நகரத்தின் ஆயர் பீட்டர் என்பவர் அந்தச் சுரங்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்பதே அதன் செய்தி. அப்படியானால் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கத்தைப் பங்கு போட்டு, அந்தப் பங்கை விற்கவும் வாங்கவும் செய்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிகப் பழைமையான கூட்டுப் பங்கு நிறுவனங்களில் ஒன்று இது என்று பேசப்படுவது இந்தப் பத்திரத்தினால்தான். 1347-இல் அந்நாட்டு மன்னர் மாக்னுஸ் எரிக்சன் சுரங்கத்தாருக்கு உரிமைகளும் விதிமுறைகளும் வகுத்துச் சாசனம் கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பங்கு வைத்திருந்தவர்கள் சுரங்கக் குடியானவர்கள். அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, உருக்காலை இருந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி, முத்திரையும் குத்தி வைத்தார்கள். கீழே இறங்கிக் கல்லை உடைத்த கூலியாளுக்குப் பங்கு இல்லை. அவன் பெயரை எழுதி வைக்க அந்தக் காலத்தில் எவருக்கும் தோன்றவும் இல்லை.

நெருப்பு மூட்டிக் கல்லைப் பிளந்தார்கள்

அந்த நாளில் வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்க்கத் தெரியாது. பிறகு எப்படிக் கருங்கல்லை உடைத்தார்கள்? சுரங்கத்துக்குள் பாறைச் சுவரை ஒட்டி விறகை அடுக்கி மாலையில் தீ வைப்பார்கள். இரவெல்லாம் அது எரியும். சூட்டில் பாறை விரிந்து வெடிப்பு விடும். காலையில் தொழிலாளர்கள் இறங்கி, அந்த வெடிப்பில் கூர்க்கம்பியை நுழைத்து, சம்மட்டியால் அடித்துக் கல்லைப் பெயர்ப்பார்கள். புகை முழுவதும் போயிருக்காது. மூச்சு முட்டும். கையில் பந்தம் ஒன்றுதான் வெளிச்சம். மேலே குளிர் உறையும், உள்ளே நெருப்பின் அனல் அடிக்கும்.

பெயர்த்த தாதுவைப் பெரிய மரப்பீப்பாயில் போட்டுக் கயிறு கட்டி மேலே இழுப்பார்கள். கயிறு நாரினால் ஆனது அல்ல, எருதுத் தோலைக் கீற்றுக் கீற்றாய் அறுத்துத் திரித்தது. அதை இழுக்கக் குதிரைகளையும், பிற்காலத்தில் நீர்ச்சக்கரங்களையும் பயன்படுத்தினார்கள். கிறிஸ்டோபர் போல்ஹெம் என்ற பொறியியல் மேதை 1690-களில் இங்கே அமைத்த தூக்கு எந்திரம் அக்காலத்தில் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. தொழிலாளர்களும் அதே பீப்பாயில்தான் இறங்கினார்கள். ஒரு காலைப் பீப்பாய்க்குள் வைத்து, மறு காலை வெளியே விட்டு, சுவரில் மோதாமல் உதைத்துக்கொண்டே போக வேண்டும். கயிறு அறுந்தால் அவ்வளவுதான். 'கிராய்ட்ஸ்' என்று பெயர் கொண்ட ஒரு குழி 208 மீட்டர் ஆழம், அதாவது 680 அடிக்கு மேல். நன்றாக வளர்ந்த தென்னை மரங்கள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் வாய் எட்டுமா என்பது சந்தேகமே.

இன்னொரு செய்தியும் உண்டு. தோலுக்காக அத்தனை எருதுகளை அறுத்தார்கள் அல்லவா? இறைச்சி மீந்தது. அங்கே வேலைக்கு வந்த ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் அதை உப்பிட்டுப் புகைபோட்டுக் குடலில் அடைத்து வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஃபாலூன் பெயராலேயே அந்தத் தின்பண்டம் இன்றும் சுவீடன் முழுவதும் விற்பனையாகிறது. நம்மில் பலர் அதைத் தொடமாட்டோம் என்பது வேறு விஷயம். தொழிலாளி தன் கஷ்டத்துக்குக் கண்டுபிடித்த உணவு ஒரு நாட்டின் உணவாகிவிடுவதைத்தான் சொல்ல வந்தேன்.

சுரங்கத்துக்குள் ஒரு சீமாட்டி இருந்து காவல் காக்கிறாள் என்று தொழிலாளர்கள் நம்பினார்கள். உள்ளே சீட்டியடிக்கக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, அவளுக்குக் கோபம் வரும் என்பார்கள். தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுக் காட்டுக்குள் நுழைகிற நம்மவர்களுக்கு இந்த நம்பிக்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இருபது கிலோ எடையில் ஒரு காசு

பதினேழாம் நூற்றாண்டில் ஃபாலூன் உச்சத்துக்கு வந்தது. ஐரோப்பாவில் கிடைத்த செம்பில் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு குழியிலிருந்து போன காலமும் இருந்தது. 1650-ஐ ஒட்டி ஆண்டுக்கு மூவாயிரம் டன் வரை செம்பு எடுத்தார்கள். தேவாலயக் கூரை, பீரங்கி, அண்டா குண்டா, நாணயம் எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டியிருந்தது. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போரில் சுவீடன் பெரிய வல்லரசாய்த் தலையெடுத்தது. அதற்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் இந்தச் செம்புதான். 1641-இல் ஃபாலூனுக்கு நகர அந்தஸ்து கிடைத்தது. அன்று சுவீடனிலேயே பெரிய ஊர்களில் ஒன்றாக அது இருந்தது.

வெள்ளி குறைவு, செம்பு மிகுதி. ஆகவே செம்பிலேயே பணம் அடித்தார்கள். வெள்ளியின் மதிப்புக்குச் சமமாகச் செம்பை வைக்க வேண்டும் என்பதால் காசு பெரிதாகிக்கொண்டே போனது. 1644-இல் அடித்த பத்து 'டாலர்' பணம் ஒரு பலகை அளவு இருக்கும். எடை 19.7 கிலோ! பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதாக நினைத்துப் பாருங்கள். சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி வேண்டும். இந்தத் தொல்லை பொறுக்கமாட்டாமல்தான் 1661-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கி தாளில் நோட்டு அச்சடித்தது. ஐரோப்பாவில் வெளிவந்த முதல் தாள் நோட்டு அதுதான். இன்று நாம் மடித்துப் பையில் வைக்கும் பணத்தின் கதை இந்தக் குழியையும் தொட்டுக்கொண்டு போகிறது.

விடுமுறை காப்பாற்றிய உயிர்கள்

பங்குக்காரர்கள் பலர். ஆளுக்கு ஒரு பக்கமாய்த் தோண்டினார்கள். எங்கே நல்ல தாது தெரிகிறதோ அங்கே வெட்டினார்கள். மேலே இருக்கும் பாறையைத் தாங்க எத்தனை தூண் விட வேண்டும் என்று மொத்தமாய்ப் பார்த்துத் திட்டமிடுவதற்கு ஆள் இல்லை. செம்பு வர வர மலையின் வயிறு உள்ளுக்குள் காலியாகிக்கொண்டே வந்தது.

1687-ஆம் ஆண்டு ஜூன் 25. சுவீடனில் அது கோடை நடுநாள் விழாக் காலம். வடகோடி நாடாகையால் அந்த நாட்களில் இரவு என்பதே பெயருக்குத்தான். மக்கள் பூக்கம்பம் நட்டு ஆடிப் பாடுவார்கள். தொழிலாளர்களுக்கு ஆண்டில் கிடைத்த மிகச் சில விடுமுறைகளில் இது ஒன்று. அன்றுதான் மலை இடிந்தது. குழிகளுக்கு இடையே நின்ற சுவர்களும், கீழே இருந்த அறைகளும் ஒரேயடியாய்ச் சரிந்து ஒரு மாபெரும் பள்ளம் உண்டாயிற்று. இன்று நீங்கள் போய் வேலி ஓரம் நின்று பார்த்தால் தெரிவது அந்தப் பள்ளம்தான். ஏறக்குறைய 100 மீட்டர் ஆழம், 300 மீட்டருக்கு மேல் அகலம்.

உள்ளே ஒருவரும் இல்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

வேறு எந்த நாளில் அது நடந்திருந்தாலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தாலி அறுத்திருக்கும். "ஆண்டவன் செயல்" என்று அந்த ஊர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். அவர்களுக்கு அன்று விடுமுறை இருந்தது. தொழிலாளிக்குக் கிடைக்கும் ஓய்வு நாளை வீண் என்று நினைக்கிற முதலாளிகள் உலகத்தில் எங்கும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பள்ளத்தைக் காட்ட வேண்டும்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து

வாசகர்களே, ஃபாலூனில் கேட்கிற கதைகளிலே மனத்தை மிகவும் உருக்குவது இனிமேல் சொல்லப்போவதுதான். இது கட்டுக்கதை அல்ல, ஏட்டில் பதிவானது.

1719-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நெடுநாளாய்க் கைவிட்டுக் கிடந்த சுரங்கப் பகுதி ஒன்றில் தண்ணீருக்குள் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. சிறிதும் அழுகவில்லை. நேற்றுத் தூங்கினவன் மாதிரி முகம் அப்படியே இருந்தது. யார் என்று எவருக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டுகளில் காணாமல் போனவர் யாரும் இல்லை. உடலை மேலே கொண்டுவந்து வைத்ததும் ஊரே திரண்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வயதான ஓர் அம்மாள் வந்தாள். பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அவள் பெயர் மார்கரெத்தா உல்ஸ்தோத்தர். அந்த உடல் மாட்ஸ் இஸ்ராயெல்சன் என்ற வாலிபனுடையது. அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை. 1677 மார்ச்சில் தனியாகச் சுரங்கத்தில் இறங்கியவன் திரும்பி வரவே இல்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவனோ அன்று இறங்கிய அதே வாலிபனாய்க் கிடக்கிறான்.

சுரங்க நீரில் கலந்திருந்த துத்தம் உடலுக்குள் ஊறி, அழுகாமல் காத்துவிட்டது என்பதே காரணம். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் உடல் மரம் போல் இறுகிவிட்டது. கல்லாய்ச் சமைந்த மனிதன் என்று ஊர் பேசியது. ஆனால் அதன் பிறகு நடந்தது வருத்தத்துக்குரியது. அவனை அடக்கம் செய்யவில்லை. பெட்டியில் வைத்துக் காட்சிப் பொருளாக்கினார்கள். முப்பது ஆண்டுகள் வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்தார்கள். 1749-இல் தேவாலயத் தரைக்கடியில் புதைத்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு தேவாலயத்தைப் பழுது பார்த்தபோது உடல் மீண்டும் வெளிப்பட்டது. மறுபடியும் காட்சிக்கு வைத்தார்கள். கடைசியில் 1930-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் நிரந்தரமாய் இடம் கிடைத்தது. இறந்து 253 ஆண்டுகள் கழித்து!

ஜெர்மனியின் பெரிய எழுத்தாளர்களான ஹெபெலும் ஹாஃப்மனும் இந்த நிகழ்ச்சியை வைத்துக் கதை எழுதினார்கள். அதனால் மாட்ஸ் பெயர் உலகறிந்ததாயிற்று. அந்தச் சுரங்கத்தில் செத்தவன் மாட்ஸ் ஒருவன் மட்டும்தானா? அவனுக்கு முன்னும் பின்னும் கல் விழுந்தும், கயிறு அறுந்தும், புகையிலும் செத்தவர்கள் பலர். அவன் பெயர் நிலைத்ததற்குக் காரணம் துத்த நீர் ஒன்று. அதைவிடப் பெரிய காரணம், அவன் முகத்தை நாற்பத்திரண்டு ஆண்டுகள் மறக்காமல் வைத்திருந்த ஒருத்தி. அவள் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் அவனும் பெயரில்லாத ஒரு பிணம்தான்.

புகையும் ஒரு மாணவரும்

தாதுவிலிருந்து செம்பைப் பிரிக்க அதை முதலில் வறுக்க வேண்டும். வறுத்தால் கந்தகப் புகை எழும். ஊரைச் சுற்றிலும் உருக்காலைகள். புகை பட்டுச் செடி கொடி கருகியது, மரம் பட்டது. விறகுக்காகக் காட்டையும் வெட்டித் தீர்த்தார்கள். இந்தப் புகை நோய் அணுகாமல் காக்கிறது என்று ஊர்க்காரர்கள் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள்.

1734-இல் இளைஞர் ஒருவர் இந்தச் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தார். புகையையும் இருட்டையும், தொழிலாளர்களின் உடம்பில் வழியும் வேர்வையையும் பார்த்து நடுங்கி, நரகம் என்பது இதுதான் என்ற கருத்துப்பட எழுதி வைத்தார். அவர் பெயர் கார்ல் லின்னேயஸ். உலகத்துச் செடி கொடி உயிர்களுக்கெல்லாம் இரண்டு சொல்லில் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரத்துக்கு 'மாங்கிஃபெரா இண்டிகா' என்றும், தென்னைக்குக் 'கோகோஸ் நூசிஃபெரா' என்றும் 1753-இல் பெயர் கொடுத்தவர் அவர்தான். ஃபாலூன் நகர மருத்துவரின் மகள் சாரா எலிசபெத்தை 1739-இல் மணந்து அந்த ஊர் மாப்பிள்ளையும் ஆனார். கல்யாணம் நடந்த சிறிய வீட்டை ஊருக்கு வெளியே ஸ்வேடன் என்னும் இடத்தில் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

கழிவிலிருந்து பிறந்த சிவப்பு

இப்போது அந்தச் சிவப்புக்கு வருவோம். சுரங்கத்தின் ஓரம் நூற்றாண்டுக் கணக்காய்க் கழிவுக் கல்லும் மண்ணும் மலைபோல் சேர்ந்தன. மழையிலும் வெயிலிலும் கிடந்து அவை மக்கிக் காவி மண்ணாய் மாறின. அதைக் கழுவி, உலர்த்தி, சூளையில் சுட்டால் அருமையான சிவப்புப் பொடி கிடைக்கும். அதனுடன் தண்ணீர், தானிய மாவு, ஆளிவிதை எண்ணெய், அன்னபேதி உப்பு சேர்த்துக் காய்ச்சினால் சாயம் தயார். மரப்பலகையை வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் காக்கும், விலையும் மலிவு. 1764 முதல் இதை முறையாய் உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். ஆதியில் பெரிய மாளிகைக்காரர்கள், தங்கள் மரவீடு செங்கல் வீடு போலத் தெரிய வேண்டும் என்று பூசினார்கள். நாளடைவில் ஏழைக் குடியானவன் வீட்டுக்கும் வந்துவிட்டது. இன்று சுவீடன் என்றாலே சிவப்பு மரவீடுதான் நினைவுக்கு வரும்.

எல்சுபோரி, ஊஸ்தான்ஃபோர்சு என்று ஊரில் பழைய தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கின்றன. 1761-இல் இரண்டு தடவை தீப்பிடித்து நகரின் பெரும்பகுதி சாம்பலானது. எல்சுபோரி மட்டும் பெரும்பாலும் தப்பித்தது. குறுகிய தெரு, தாழ்ந்த கூரை, அடுத்தடுத்து நெருங்கிய வீடு. நம் லயத்தை நினைத்துக்கொள்வீர்கள். அந்த வீடுகளை இடித்துத் தள்ளவில்லை. உலகப் பாரம்பரியச் சின்னத்தில் அவையும் சேர்ந்தவை. பழைய தோற்றம் கெடாமல் பழுது பார்த்து இன்றும் அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

வாத்தியாரம்மா ஒருவர்

பள்ளி ஆசிரியன் நான், இவரைச் சொல்லாமல் விட முடியாது. செல்மா லாகர்லோஃப் என்ற அம்மையார் பத்தாண்டு காலம் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாய் இருந்தவர். 1897-இல் ஃபாலூனுக்குக் குடிவந்தார். நாட்டின் நிலநூலைப் பிள்ளைகள் ஆசையோடு படிக்கும்படி ஒரு வாசகப் புத்தகம் எழுதித் தருமாறு ஆசிரியர் சங்கம் அவரைக் கேட்டுக்கொண்டது. மலை இத்தனை, ஆறு இத்தனை என்று பட்டியல் போட்டு அவர் எழுதவில்லை. குறும்புக்காரப் பையன் ஒருவன் கட்டைவிரல் அளவாய்ச் சுருங்கி, வாத்தின் முதுகில் ஏறி நாடு முழுவதும் பறந்து பார்ப்பதாகக் கதை எழுதினார். 1906, 1907-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அந்த நீல்ஸ் கதை உலக மொழிகள் பலவற்றில் வந்துவிட்டது. 1909-இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இலக்கியத்தில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. சுவீடனின் இருபது குரோனர் நோட்டில் அவர் படம் நெடுங்காலம் இருந்தது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் என்று இளக்காரமாய்ப் பேசுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நேரமிருந்தால் பக்கத்தில் சுன்ட்போர்ன் என்ற கிராமத்துக்கும் போய் வரலாம். ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி காரினும் எட்டுப் பிள்ளைகள் பெற்று வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. கணவர் வீட்டைப் படமாய் வரைந்தார். மனைவி திரைச்சீலையும் விரிப்பும் நெய்து வீட்டையே படமாக்கினார்.

கீழே இறங்கிப் பார்ப்போம்

1992 டிசம்பர் 8-ஆம் நாள் சுரங்கத்தில் கடைசியாய் வேலை நடந்தது. எடுக்கத் தக்க தாது தீர்ந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுத் தொழில் அன்றோடு முடிந்தது. சாயத் தொழில் மட்டும் பழைய கழிவை வைத்து இன்றும் நடக்கிறது.

வருகிறவர்களுக்குத் தலைக்கவசமும் மேலங்கியும் கொடுத்து வழிகாட்டியோடு கீழே அனுப்புகிறார்கள். 67 மீட்டர் ஆழம் வரை போகலாம். வெளியே கோடையானாலும் பனியானாலும் உள்ளே எந்நாளும் ஐந்து ஆறு டிகிரிதான். மேலே 1922-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. எந்திர மாதிரிகள், செம்புப் பலகைக் காசுகள், பழைய பத்திரங்கள் எல்லாம் அங்கே காணலாம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாய் அழைத்து வருகிறார்கள். "உன் பாட்டனுக்குப் பாட்டன் இங்கேதான் உழைத்தான்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

வாசகர்களே, இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்ததற்குக் காரணம் இதுதான். ஃபாலூன் சுரங்கம் மூடிப் பல ஆண்டாகிவிட்டது, ஆனாலும் மறையவில்லை. எழுதி வைத்திருந்தார்கள், இடிக்காமல் வைத்திருந்தார்கள், பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நம் தோட்டங்கள் பல விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாய் மாறிவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்ச் சாலை வந்தது. லயம் இருந்த இடமும் பெரட்டுக்கு நின்ற இடமும் இன்று இளம்பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்டம் போனது நம் கையில் இல்லை. பெயர் போவதும் போகாததும் நம் கையில் இருக்கிறது.

நமக்கு யுனெஸ்கோ வந்து எழுதித் தர வேண்டாம். ஓர் ஐம்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடமோ பாட்டியிடமோ உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுடைய தாய் தகப்பன் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு? என்ன வேலை, எத்தனை மணிக்குப் பெரட்டு, நாள் சம்பளம் என்ன? உடன் வேலை செய்தவர்கள் யார் யார்? எல்லாவற்றையும் பெயர் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். பழைய சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, திருவிழாப் படம் இருந்தால் எறியாமல் அந்த நோட்டோடு சேர்த்து வையுங்கள். படத்தின் பின்புறம் யார் யார் நிற்கிறார்கள் என்று இன்றே எழுதிவிடுங்கள். பத்தாண்டு கழித்துச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

செக்ரோல் புத்தகத்தில் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு நம் பாட்டன்மாரின் நாளைக் கணக்குப் பார்த்தார்கள். அந்தப் புத்தகங்கள் இன்று எங்கே போயினவோ! மாட்ஸுக்கு ஒரு மார்கரெத்தா இருந்தாள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அடுத்த மாதம் வேறோர் ஊரில் சந்திப்போம். வணக்கம்.